ஃபாரன்ஹீட் – கெல்வின் மாற்றம்: எதை முதலில் செய்வது, எங்கே சறுக்கும்

உடல் வெப்பநிலை 98.6 டிகிரி ஃபாரன்ஹீட். இதைக் கெல்வினுக்கு மாற்றச் சொன்னால், புதிதாகப் பழகுகிறவர்களில் யாராவது ஒருவர் தவறாமல் 353.97 என்று கொண்டுவருவார். தாளில் சூத்திரம் சரியாகவே இருக்கும், கால்குலேட்டரிலும் பழுது இருக்காது. ஆனால் 353.97 கெல்வின் என்றால் ஏறக்குறைய 81 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் உடம்பு வெந்துவிடும். சரியான விடை 310.15. நடுவில் முளைத்த 44 கெல்வின் எங்கிருந்து வந்தது என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்த வரையில், இந்தக் கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் யாரையும் கவிழ்த்ததில்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் எல்லாரும் கவிழ்கிறார்கள். அதனால் கீழே வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று எண்கள் போதும்: 459.67, 5/9, 273.15. முதல் இரண்டும் நேர்வழிக்கு. மூன்றாவது, செல்சியஸ் வழியாகச் சுற்றிப் போகிறவர்களுக்கு.

இந்த மாற்றத்தில் இரண்டு வேலைகள் ஏன் இருக்கின்றன என்று முதலில் பிடிபட வேண்டும். இரண்டு அளவுகோல்களுக்கும் சுழி வேறு, படியின் உயரமும் வேறு. கெல்வினின் சுழி என்பது தனிச்சுழி. அதற்குக் கீழே குளிர்ச்சி என்று ஒன்று கிடையாது. ஃபாரன்ஹீட்டின் சுழியோ அதிலிருந்து 459.67 ஃபாரன்ஹீட் படிகள் மேலே இருக்கிறது. நீர் உறைவதற்கும் கொதிப்பதற்கும் நடுவில் ஃபாரன்ஹீட்டில் 180 படிகள், கெல்வினில் 100 படிகள். அதாவது ஒரு கெல்வின் படி ஏறினால் 1.8 ஃபாரன்ஹீட் படி ஏறியதற்குச் சமம். சுழியை நகர்த்துவது ஒரு வேலை, படியை மாற்றுவது இன்னொரு வேலை.

459.67 மறந்துபோனால் பயப்பட வேண்டாம். 273.15 ஐ 1.8 ஆல் பெருக்கினால் 491.67. அதில் 32 ஐக் கழித்தால் 459.67 வந்துவிடும்.

கால்குலேட்டரையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். 2 + 3 × 4 என்று இடைவிடாமல் அழுத்துங்கள். 14 என்று வந்தால் அது பெருக்கலை முதலில் செய்கிற வகை. 20 என்று வந்தால் அழுத்திய வரிசையிலேயே செய்துகொண்டு போகிற வகை. உங்களுடையது எது என்று தெரியாமல் இந்தக் கணக்கில் இறங்காதீர்கள்.

2. முதல் கேள்வி: இது வெப்பநிலையா, வேறுபாடா?

எண்ணைத் தொடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. இதைக் கேட்காமல் போனால், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் விடை அபத்தமாக இருக்கும்.

ஓர் அறை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 86 க்குச் சூடாகிறது. உயர்வு 18 டிகிரி ஃபாரன்ஹீட். கெல்வினில் எவ்வளவு உயர்வு? 18 ஐ முழுச் சூத்திரத்தில் (459.67 ஐக் கூட்டி 5/9 ஆல் பெருக்குவது) போட்டால் 265.37 கெல்வின் என்று வரும். அறை 265 கெல்வின் சூடேறிவிட்டது என்றால் மரச்சாமான்கள் பற்றி எரிந்துகொண்டிருக்கும். உண்மையில் 68 என்பது 293.15 கெல்வின், 86 என்பது 303.15 கெல்வின். உயர்வு 10 கெல்வின் மட்டுமே.

காரணம் எளிது. இரண்டு வெப்பநிலைகளைக் கழிக்கும்போது, இரண்டிலும் ஒரே அளவு நகர்ந்திருக்கும் சுழி அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது படியின் உயரம் மட்டும். அதனால் வேறுபாட்டுக்கு 5/9 ஆல் பெருக்கினாலே வேலை முடிந்தது. எதையும் கூட்டக் கூடாது.

எது வேறுபாடு என்று கண்டுபிடிக்கச் சொற்களைப் பாருங்கள். ‘உயர்ந்தது’, ‘குறைந்தது’, ‘வித்தியாசம்’, ‘வீச்சு’, ‘கூட்டல் அல்லது கழித்தல்’ என்றெல்லாம் வந்தால் அது வேறுபாடு. ஒரு கருவியின் பிழை ±2 டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்டிருந்தால் அது ±1.1 கெல்வின்.

அடிக்கடி தப்பிப் போவது ‘ஒரு டிகிரிக்கு இவ்வளவு’ என்று வருகிற அளவுகள். இங்கே டிகிரி வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே கணக்கு தலைகீழாகும்: 5/9 ஆல் அல்ல, 1.8 ஆல் பெருக்க வேண்டும். ஓர் உலோகம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு பத்து லட்சத்தில் 6.5 பங்கு நீள்கிறது என்றால், ஒரு கெல்வினுக்குப் பத்து லட்சத்தில் 11.7 பங்கு நீளும். பெரிய படி ஏறினால் அதிகமாகத்தான் நீள வேண்டும் அல்லவா? இந்த ஒரு கேள்வியே திசையைச் சொல்லிவிடும்.

3. ஃபாரன்ஹீட்டிலிருந்து கெல்வினுக்கு: நேர்வழி

முதலில் 459.67 ஐக் கூட்டுங்கள். சமக்குறியை அழுத்துங்கள். பிறகு 5 ஆல் பெருக்குங்கள். கடைசியாக 9 ஆல் வகுங்கள்.

72 டிகிரியை எடுத்துக்கொள்வோம். 72 + 459.67 = 531.67. அதை 5 ஆல் பெருக்கினால் 2658.35. 9 ஆல் வகுத்தால் 295.372. ஆக, சுமார் 295.4 கெல்வின்.

கூட்டல் ஏன் முதலில்? 459.67 என்பது ஃபாரன்ஹீட் படிகளின் எண்ணிக்கை. எண் இன்னும் ஃபாரன்ஹீட் படிகளில் இருக்கும்போதுதான் அதைச் சேர்க்க முடியும். படியை மாற்றிவிட்டுச் சேர்த்தால் அடிக்கணக்கில் இருக்கும் நீளத்தோடு மீட்டரைக் கூட்டிய கதைதான்.

நடுவில் சமக்குறியை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், அதை அழுத்திவிட்டால் மேலே சொன்ன இரண்டு வகைக் கால்குலேட்டரிலும் ஒரே விடை வரும். அடைப்புக்குறி செய்கிற வேலையை அது செய்துவிடுகிறது.

5 ஆல் பெருக்கிவிட்டு 9 ஆல் வகுப்பதற்கும் காரணம் உண்டு. 5 ஐ 9 ஆல் வகுத்தால் 0.5555... என்று முடிவில்லாமல் போகும். அதை எழுதிவைக்க நினைத்தாலே எங்காவது வெட்ட வேண்டியிருக்கும். பெருக்கிவிட்டு வகுத்தால் அந்த வெட்டு கடைசி விடையில் மட்டும் விழும்.

முதல் படியில் கிடைக்கிற 531.67 சும்மா ஓர் இடைநிலை எண் அல்ல. தனிச்சுழியிலிருந்து ஃபாரன்ஹீட் படிகளால் எண்ணுகிற ரேங்கின் அளவுகோலில் அந்த வெப்பநிலை அதுதான். ஒன்பதாம் பகுதியில் இது பயன்படும்.

4. செல்சியஸ் வழியாக

பலருக்கும் பள்ளியிலிருந்தே கைவந்த வழி இது: 32 ஐக் கழி, 5 ஆல் பெருக்கு, 9 ஆல் வகு, 273.15 ஐக் கூட்டு. கையால் போடும்போது இதுவே எளிது. நடுவில் கிடைக்கும் செல்சியஸ் மதிப்பைப் பார்த்து ‘இது நம்பும்படி இருக்கிறதா’ என்று மனம் உடனே சொல்லிவிடும்.

98.6 − 32 = 66.6. ஐந்தால் பெருக்க 333. ஒன்பதால் வகுக்க 37. அதனோடு 273.15 சேர்ந்தால் 310.15.

இப்போது அந்த 353.97 க்கு வருவோம். 98.6 − 32 × 5 ÷ 9 + 273.15 என்று அடைப்புக்குறி இல்லாமல் ஒரே மூச்சில் அழுத்தியதன் விளைவு அது. பெருக்கலை முதலில் செய்கிற கால்குலேட்டர் 32 ஐ மட்டும் 5/9 ஆல் பெருக்கி 17.78 ஆக்குகிறது, அதை 98.6 இலிருந்து கழித்து 80.82 என்கிறது, 273.15 ஐக் கூட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே எழுத்துகளை வரிசைப்படி செய்கிற மலிவான கால்குலேட்டரில் அழுத்தினால் 310.15 என்று சரியாகவே வரும். அதில் பழகியவர் நல்ல கால்குலேட்டருக்கு மாறும்போதுதான் விடை கெட்டுப்போகிறது. ‘நேற்று வரை சரியாக வந்ததே’ என்று அவர் சொல்வது பொய்யல்ல.

இன்னொரு தவறு, 273.15 ஐச் சீக்கிரமே கூட்டிவிடுவது. 66.6 + 273.15 = 339.75, அதை 5/9 ஆல் பெருக்கினால் 188.75. உறைநிலைக்கு எண்பது டிகிரிக்கும் கீழே போய்விட்டது. 273.15 என்பது கெல்வின் படிகளின் எண்ணிக்கை, எனவே படியை மாற்றிய பிறகுதான் அதற்கு இடம். 459.67 முன்னால், 273.15 பின்னால்.

5. கெல்வினிலிருந்து ஃபாரன்ஹீட்டுக்கு

கடைசியாகப் போட்ட முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும். போகும்போது கூட்டிவிட்டுப் படியை மாற்றினோம். வரும்போது முதலில் படியை மாற்ற வேண்டும், பிறகு கழிக்க வேண்டும்.

9 ஆல் பெருக்கி 5 ஆல் வகுங்கள். அல்லது நேரே 1.8 ஆல் பெருக்குங்கள். 9/5 என்பது சரியாக 1.8, இதில் வெட்டுப்படுவது எதுவும் இல்லை. பிறகு 459.67 ஐக் கழியுங்கள்.

300 கெல்வின்: 300 × 1.8 = 540. 540 − 459.67 = 80.33 டிகிரி ஃபாரன்ஹீட்.

வரிசையை மாற்றி முதலில் கழித்தால்? 300 − 459.67 = −159.67, அதை 1.8 ஆல் பெருக்க −287.41. இதமான ஓர் அறையின் சூடு திரவ நைட்ரஜனுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் திரவ நைட்ரஜன் கொதிப்பது சுமார் 77.36 கெல்வினில். சரியான வரிசையில் போட்டால் அது −320.4 டிகிரி ஃபாரன்ஹீட்.

6. கழித்தல் குறி உள்ள எண்கள்

பூச்சியத்துக்குக் கீழே உள்ள ஃபாரன்ஹீட் எண்களுக்குத் தனிச் சூத்திரம் கிடையாது. குறியோடு அப்படியே போடுங்கள்.

−40 + 459.67 = 419.67. ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் 233.15. சோதனைக்கு இது அருமையான எண். −40 இல் ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும் ஒன்றே என்பதால் 273.15 − 40 என்று மனத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

செல்சியஸ் வழியில்தான் இங்கே சறுக்கும். −13 இலிருந்து 32 ஐக் கழித்தால் −45. அவசரத்தில் 19 என்றோ −19 என்றோ எழுதிவிடுகிறார்கள். −45 ஐ 5/9 ஆல் பெருக்க −25, 273.15 ஐக் கூட்ட 248.15 கெல்வின். நேர்வழியில் இந்தத் தொல்லை குறைவு, அதனால்தான் குளிர் எண்களுக்கு நான் அதையே சொல்கிறேன்.

கெல்வின் விடை கழித்தல் குறியோடு வந்தால் நிறுத்திவிடுங்கள். கணக்கு தப்பியிருக்கும், இல்லையென்றால் கொடுத்த எண்ணே −459.67 க்குக் கீழே இருந்திருக்கும். −500 டிகிரி ஃபாரன்ஹீட் என்று ஒரு வெப்பநிலை கிடையாது.

7. எத்தனை தசம இடங்கள்?

மாற்றக் கணக்கு புதிதாகத் துல்லியத்தைப் படைக்காது. 72 டிகிரி என்று முழு எண்ணாக வாசித்திருந்தால் உண்மை 71.5 க்கும் 72.5 க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. கெல்வினில் அது இருபுறமும் சுமார் 0.28. ஆகவே 295.372 என்று எழுதுவதில் கடைசி இரண்டு இலக்கங்களுக்கு அர்த்தம் இல்லை. 295.4 போதும், பல இடங்களில் 295 என்றாலே போதும்.

இது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குச் சூரியனைப் பாருங்கள். அதன் மேற்பரப்பு ‘சுமார் 10,000 டிகிரி ஃபாரன்ஹீட்’ என்று படித்திருப்பீர்கள். அப்படியே மாற்றினால் 5810.93 கெல்வின். பார்ப்பதற்கு அளந்து எழுதியது போல இருக்கிறது. வானியலில் எடுத்துக்கொள்ளும் மதிப்போ 5772 கெல்வின். 10,000 என்பதே தோராயம் என்கிறபோது ‘சுமார் 5800’ என்று எழுதுவதுதான் நேர்மை.

கடைசி விடையைச் சுருக்குங்கள், நடுவில் சுருக்காதீர்கள். 1000 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சரியான விடை 810.93. 5/9 க்குப் பதில் 0.56 என்று போட்டால் 817.42. 0.55 என்று போட்டால் 802.82. ஒரே ஓர் இலக்கத்தைச் சோம்பேறித்தனமாக விட்டதற்கு ஆறு, எட்டு கெல்வின் விலை.

273.15 க்குப் பதில் 273 போடலாமா? முழு எண்ணில்தான் விடை வேண்டும் என்றால் பெரும்பாலும் போடலாம். தசமத்தோடு வேண்டுமென்றால் கூடாது. சிலர் 273.16 என்று எழுதுவார்கள். அது நீரின் மும்மைப்புள்ளி (நீரும் பனிக்கட்டியும் நீராவியும் ஒன்றாக நிலைத்திருக்கும் இடம்), அதாவது 0.01 டிகிரி செல்சியஸ். மாற்றுவதற்குரிய எண் 273.15 தான்.

8. விடை சரிதானா என்று பார்ப்பது

சில எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான தவறுகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். 32 ஃபாரன்ஹீட் என்பது 273.15. 212 என்பது 373.15.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது ஒன்பது படி ஏணி. 32 இலிருந்து ஃபாரன்ஹீட்டில் ஒன்பது ஒன்பதாக ஏறினால் கெல்வினில் ஐந்து ஐந்தாக ஏறும்:

32 – 273.15
41 – 278.15
50 – 283.15
59 – 288.15
68 – 293.15
77 – 298.15
86 – 303.15
95 – 308.15

எல்லாமே .15 இல் முடிவதைக் கவனியுங்கள். 72 வேண்டுமா? 68 இல் நின்றுகொள்ளுங்கள், மேலே நான்கு படி மிச்சம். நான்கு ஃபாரன்ஹீட் படி என்றால் 2.22 கெல்வின். 293.15 + 2.22 = 295.37. கால்குலேட்டரே வேண்டியதில்லை. அன்றாட வெப்பநிலைகளுக்கு நான் இதைத்தான் செய்கிறேன்.

இன்னொரு சோதனை அதிகம் பேருக்குத் தெரியாது. இரண்டு அளவுகோல்களும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் ஒன்று உண்டு: சுமார் 574.59. அதற்குக் கீழே கெல்வின் எண்தான் எப்போதும் பெரியது. மேலே போனால் ஃபாரன்ஹீட் எண் பெரியது. உலை வெப்பநிலை 2000 ஃபாரன்ஹீட் என்று இருக்க, உங்கள் கெல்வின் விடை 2000 ஐத் தாண்டினால் திசையை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். சரியான விடை 1366.5.

9. ‘இரண்டு மடங்கு’ என்று வரும் கணக்குகள்

வெப்பநிலைகளை ஒன்றால் ஒன்றை வகுக்க வேண்டியிருந்தால், மாற்றியே ஆக வேண்டும். மூடிய, விறைப்பான ஒரு கலனில் உள்ள வாயு 70 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 140 க்குச் சூடாகிறது. எண் இரட்டித்துவிட்டது, அழுத்தமும் இரட்டிக்குமா? இல்லை. 70 என்பது 294.26 கெல்வின், 140 என்பது 333.15 கெல்வின். விகிதம் 1.13. அழுத்தம் கூடுவது சுமார் 13 சதவீதம் மட்டும். அதுவும் முழு அழுத்தத்தில். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உள்ளதை மட்டும் காட்டுகிற அழுத்தமானியின் எண்ணில் அல்ல. மானிக்கும் சுழி தப்பான இடத்தில்தான் இருக்கிறது.

விகிதம் மட்டும் தேவை என்றால் 459.67 ஐக் கூட்டியதோடு நிறுத்திக்கொள்ளலாம். 599.67 ஐ 529.67 ஆல் வகுத்தாலும் அதே 1.13 தான். மேலும் கீழும் 5/9 அடிபட்டுவிடும்.

10. கணினியில் செய்யும்போது

சி, ஜாவா போன்ற மொழிகளில் 5/9 என்று இரண்டு முழு எண்களை வகுத்தால் விடை 0. தசமப் பகுதியை மொழி வெட்டிவிடுகிறது. அதைச் செல்சியஸ் வழிச் சூத்திரத்தின் முன்னால் வைத்து எழுதியவர்களுக்கு, எந்த ஃபாரன்ஹீட் எண்ணைக் கொடுத்தாலும் 273.15 என்றே வரும். முதல் சோதனைக்கு 32 ஐக் கொடுத்திருந்தால் விடை சரியாகவே இருந்திருக்கும், அதனால் மகிழ்ச்சியாக அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். 5.0/9.0 என்று எழுதுங்கள். சோதிக்கும்போது 32 ஐ மட்டும் நம்பாதீர்கள், 212 ஐயும் −40 ஐயும் சேர்த்துக் கொடுங்கள்.

எக்செல்லில் இதற்கென்றே ‘கன்வெர்ட்’ என்ற செயற்கூறு இருக்கிறது. அலகின் எழுத்தைப் பெரிய எழுத்தாகக் கொடுக்க வேண்டும், சிறிய எழுத்தை ஏற்காது. வேறிடத்திலிருந்து ஒட்டிய எண்களில் கழித்தல் குறிக்குப் பதில் நீளமான கோடு இருந்தால் அந்தச் செல்லை எண்ணாகவே எக்செல் எடுத்துக்கொள்ளாது. குளிர்கால வரிசைகளில் மட்டும் பிழை வருகிறதென்றால் முதலில் அதைப் பாருங்கள்.

11. விடையை எழுதும் முறை

ஃபாரன்ஹீட்டுக்கு டிகிரி உண்டு, கெல்வினுக்குக் கிடையாது. 1967 இல் நடந்த எடை அளவுகளுக்கான பொது மாநாட்டில் ‘டிகிரி கெல்வின்’ என்பது வெறும் ‘கெல்வின்’ ஆனது. 310 கெல்வின் என்று எழுதினால் போதும், மேலே சின்ன வட்டம் போட வேண்டாம். 2019 இல் கெல்வினுக்கான வரையறை போல்ட்ஸ்மன் மாறிலியை வைத்து மாற்றப்பட்டது, ஆனால் 273.15, 459.67 இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. பழைய அட்டவணைகளைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

மாற்றிய எண்ணுக்குப் பக்கத்திலேயே முதலில் வாசித்த எண்ணையும் அதன் அலகையும் எழுதிவையுங்கள். எது அளந்தது, எது கணக்கில் வந்தது என்று பிறகு பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அந்த 98.6 கூட அப்படி வந்ததுதான்: 37 டிகிரி செல்சியஸ் என்ற முழு எண்ணை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியதில் ஒட்டிக்கொண்ட தசமம் அது. அதை 310.15 ஆக்கி எழுதும்போது, அந்தப் .15 ஐ யாரும் தெர்மாமீட்டரில் பார்த்ததில்லை.